திரும்பி வந்தோரும் பூட்டிய வீடுகளும்

நெடுங்காலம் பிறநாட்டில் வாழ்ந்தபின் யாழ்ப்பாணத்துக்கு வந்து போகின்றவர்கள் எழுதும் கட்டுரைகளுக்கு இப்பொழுது ஒரு வாய்பாடு அமைந்துவிட்டது. முதலிற் பனைமரம் வரும். பின்பு கிடுகுவேலி வரும். வேலி இருந்த இடத்தில் மதில் நிற்பதைக் கண்டு ஒரு பெருமூச்சு வரும். அதன்பின் இளைஞர் கையிலுள்ள கைத்தொலைபேசியைப் பற்றியும், கோயில் வீதியில் அலறும் ஒலிபெருக்கியைப் பற்றியும், சந்திக்குச் சந்தி முளைத்திருக்கும் கடைகளைப் பற்றியும் சில வசனங்கள். இறுதியில், "இது நான் விட்டுச் சென்ற ஊரன்று" என்ற தீர்ப்பு. தீர்ப்பு வழங்கியவர் அடுத்த கிழமை விமானம் ஏறிவிடுவார். தீர்ப்பைச் சுமந்துகொண்டு ஊர் இங்கேயே கிடக்கும்.

நானும் அவ்வகையினருள் ஒருவனே. வண்ணார்பண்ணையிற் பிறந்து, 1984 ஆம் ஆண்டு படிப்பின் நிமித்தம் இலண்டன் சென்று, அங்கேயே ஆசிரியத் தொழில் பார்த்து ஓய்வுபெற்று, நாற்பது ஆண்டுகளின் பின் 2024 இல் முதன்முறையாக ஊர்மண்ணை மிதித்தவன். ஆதலால் இங்கே நான் கூறப்போவதை எங்கள் கூட்டத்துக்குள்ளேயே நின்று கூறும் அபிப்பிராயமாகக் கொள்ளுதல் வேண்டும். அபிப்பிராயம் இதுதான்: ஊர் மாறிவிட்டதென்று முறையிடும் உரிமை, ஊரை விட்டுப் போனவர்களுக்கு மிகச் சிறிதளவே உண்டு, அந்த முறைப்பாட்டினால் விளையும் தீமையோ சிறிதன்று.

கிடுகுவேலியையே எடுத்துக்கொள்வோம். அது தானாக நின்றதொன்றா? ஓலையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கிடுகு பின்னவேண்டும், கதியால் நடவேண்டும், ஆண்டுதோறும் வேலி அடைக்கவேண்டும். அதற்கு வீட்டில் ஆட்கள் இருத்தல் வேண்டும். அடுத்த ஆண்டும் இவ்வீட்டிலேயே இருப்போம் என்ற நம்பிக்கையும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாது போன காலத்தில் வேலியும் போயிற்று. பின்னர் வசதி கிடைத்தவன் சீமெந்துக் கல்லில் மதில் கட்டினான். அவனைப் பார்த்து, 'பண்பாட்டை இழந்தாய்' என்று சொல்லுவதற்கு, வெள்ளவத்தையிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் செங்கற் சுவர்களுக்குள் வாழ்ந்தவர்களுக்கு நாக்கூசவேண்டாமா?

எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவிலே ஒரு பெரியம்மா இருக்கிறார். எண்பதைக் கடந்தவர். வந்த இரண்டாம் நாள், நானும் வாய்பாட்டுக்கு இணங்க, "எல்லாம் மாறிப்போச்சுது பெரியம்மா" என்றேன். அவர் சுளகிலிருந்த அரிசியைப் புடைத்தபடியே விடை சொன்னார். "மாறினபடியாத்தான் தம்பி இருக்கிறம். மாறாமல் இருந்திருந்தா எப்பவோ செத்தெல்லே போயிருப்பம். நீ என்ன, போகேக்குள்ள இருந்த மாதிரியே வந்தனியோ?" இலக்கியக் கூட்டங்களில் மணிக்கணக்காகப் பேசப்படும் பொருளை அவர் மூன்று வசனங்களில் முடித்துவிட்டார்.

அவர் எவற்றைக் கடந்து வந்தவர் என்பதை எண்ணிப் பார்த்தேன். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி, வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றபோது அச்சனத்திரளில் அவரும் ஒருவர். இலட்சக்கணக்கான மக்கள் ஒரே வீதியில், இரவில், மழையில் நடந்தார்கள். அடுத்த ஆண்டு அவர் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவும் இல்லை, யன்னலும் இல்லை. 'திரும்பி வருதல்' என்ற சொல்லுக்கு அவருடைய அகராதியில் உள்ள பொருள் அது. என்னுடைய அகராதியிலோ அது ஒரு விமானச் சீட்டு.

இன்னுமொரு ஒக்டோபரையும் இங்கே சொல்லாமல் விடலாகாது. அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 ஒக்டோபர் 30 ஆந் திகதி, யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி சில மணி நேரத்துள் வெளியேற்றப்பட்டார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து அம்மாதத்தில் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு துரத்தப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் புத்தளத்திலே தஞ்சம் புகுந்தனர். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்று பிள்ளைகள் இருக்கின்றன. சோனகத்தெருவுக்கு மீண்டு வந்தவர்கள் இடிந்த சுவர்களிலிருந்து தொடங்கினார்கள். எங்கள் கூட்டத்தார் எழுதும் ஊர்திரும்பற் கட்டுரைகளில் பனைமரத்துக்குக் கிடைக்கும் இடத்திற் பத்திலொரு பங்கேனும் இம்மக்களுக்குக் கிடைப்பதில்லை. நான் பள்ளிக்குப் போன வழியில் தைத்த சட்டை தொங்கிய கடைகளும், பெருநாட் காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த வட்டிலப்பமும் என் நினைவிலுள்ள யாழ்ப்பாணத்தின் பாகமாக இருக்கும்போது, அவற்றை ஆக்கியவர்கள் மட்டும் எப்படி விடுபட்டுப் போனார்கள்?

மயிலிட்டி மீனவரை நோக்குங்கள். நகரத்திலிருந்து அவ்வூர் இருபது கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரம். 1990 இல் இடம்பெயர்ந்த அவர்களுக்கு மயிலிட்டித் துறைமுகம் மீண்டும் கிடைத்தது 2017 ஜூலையில். இருபது கிலோமீற்றரைக் கடப்பதற்கு இருபத்தேழு ஆண்டுகள். வலிகாமம் வடக்கிற் சிலருக்கு அவர்களுடைய காணி இன்னும் கிடைக்கவில்லை. எனக்கோ, கைக்குள் ஒரு கடவுச்சீட்டு இருந்தமையால் ஒரு பகலும் ஓரிரவும் போதுமாயிருந்தன. ஊரைவிட்டு நெடுந்தூரம் போனவனே பெரிய பிரிவாற்றாமையை அனுபவித்தவன் என்று நாங்கள் எண்ணிக்கொள்ளுகிறோம். தூரம் அளக்கும் கோலால் இதை அளக்க முடியாது.

நினைவு என்பது தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளும் குணமுடையது. அது தனக்கு வேண்டியதைப் பேணும். வேண்டாததைப் புறக்கடையிற் போடும். 'அந்தக்காலத்து ஒற்றுமை' என்று எங்களவர் ஏங்கும்பொழுது நான் கேட்க விரும்புவது, எந்தக்காலத்து ஒற்றுமை என்பதையே. கோயில்களிலும் தேநீர்க் கடைகளிலும் சாதியின் பேரால் மனிதரைத் தடுப்பது குற்றமென்று 1957 இல் ஒரு சட்டம் இயற்றவேண்டியிருந்தது. சட்டம் வந்து பதினோர் ஆண்டுகளின் பின்பும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் மக்கள் போராடவேண்டியிருந்தது. எங்கள் வளவுக் கிணற்றடியிலே, தாம் அள்ள உரிமையின்றிக் குடத்தை வைத்துவிட்டு யாரேனும் வந்து வார்க்கும்வரை காத்து நின்றவர்களை நான் சிறுவனாகக் கண்டிருக்கிறேன். கிடுகுவேலி அழகானதுதான், அது யாரை வெளியே நிறுத்தி வைத்தது என்பதையும் சேர்த்தே நினைப்பதுதான் நேர்மை. இன்று அந்தச் சாதித்தடிப்பு முற்றாக ஒழிந்துவிட்டதென்று நான் கூறவரவில்லை. கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் ஒருநாள் காதுகொடுத்து இருந்தாற் போதும், இலண்டனிலும் அப்படித்தான்.

புலம்பெயர்ந்தோர் இலக்கியம் இவ்விஷயத்திற் செய்த நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. குளிரையும் அகதி முகாமையும் உணவகத்துப் பாத்திரம் கழுவுதலையும் தமிழுக்குக் கொண்டுவந்தது அவ்விலக்கியம். ஆனால் ஊரைப் பற்றி எழுத வந்தபொழுது, பலர் தாம் புறப்பட்ட நாளோடு கடிகாரத்தை நிறுத்திவிட்டார்கள். 1983 இல் போனவருக்கு 1983 ஆம் ஆண்டுச் சந்தை. 1990 இல் போனவருக்கு 1990 ஆம் ஆண்டுப் பதுங்குகுழி. ஊரிலிருந்து எழுதுகின்ற இளைஞன் இன்றைய ஊரை எழுதினால், 'இதிலே மண்வாசனை இல்லையே' என்று வெளிநாட்டிலிருந்து விமரிசனம் வருகிறது. மண்ணில் நிற்பவனுக்கு மண்வாசனை எதுவென்று மண்ணில் இல்லாதவன் போதிக்கும் விசித்திரம் இது. பரிசும் பதிப்பும் பெரும்பாலும் வெளிநாட்டுப் பணத்திலே தங்கியிருக்கும் காலத்தில், இந்தப் போதனை வெறும் போதனையாக நின்றுவிடுவதுமில்லை. மாணவ எழுத்தாளர்கள் சிலர் தாம் காணாத மாட்டுவண்டியை எழுதத் தொடங்கியிருப்பதைப் பார்த்தேன். எனக்கு அது மகிழ்ச்சி தரவில்லை.

இவற்றையெல்லாம் சொல்லுக்குச் சொல் நடக்கும் வாதமென்று தள்ளிவிடலாம். சொல்லோடு நில்லாத பகுதி ஒன்று உண்டு. அது பூட்டிய வீடு.

1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது யாழ்ப்பாண மாநகர எல்லைக்குள் வாழ்ந்தோர் 118,000 பேருக்கு மேற்பட்டோர். 2012 இல் அத்தொகை ஏறக்குறைய 88,000. போனவர்கள் ஆட்களாகப் போனார்களேயன்றி வீடுகளைக் கொண்டு போகவில்லை. இன்றைக்கு நல்லூரிலோ கொக்குவிலிலோ வண்ணார்பண்ணையிலோ எந்த ஒழுங்கையாலே நடந்தாலும், படலையிற் சங்கிலி தொங்கும் வீடுகளைக் காணலாம். சில இடிந்தவை. சிலவோ அண்மையிற் பெருஞ் செலவில் எழுப்பப்பட்டவை. மாபிள் பதித்து, மாடி வைத்து, ஆண்டிலே மூன்று கிழமை நல்லூர்த் திருவிழாவுக்கு மட்டும் திறக்கப்படுகின்றவை. அதே ஒழுங்கையில், பல்கலைக்கழகத்துக்கு வந்த பிள்ளைகள் ஓர் அறைக்கு நால்வராக ஒடுங்கிப் படிக்கிறார்கள். நிலமில்லாதவன் ஒரு பரப்புக் காணி வாங்கப் போனால், வெளிநாட்டுப் பணம் ஏற்றிவிட்ட விலையைக் கேட்டுத் திரும்பி வருகிறான்.

வீட்டை ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று எங்கள் கூட்டத்தாரைக் கேட்டால் இரண்டு விடைகள் கிடைக்கும். ஒன்று, 'அம்மா அப்பாவின் நினைவு.' மற்றையது தாழ்ந்த குரலிற் சொல்லப்படுவது: 'ஆரையும் இருக்கவிட்டால் பிறகு எழுப்ப ஏலாது.'

இரண்டாவது விடையை முதலில் நோக்குவோம். அதுவே உண்மையான விடை. பத்தாண்டு இடையறாமல், உடையவனுக்கு மாறாக ஒரு காணியை ஆண்டு அனுபவித்தவன் அதற்கு உரித்துக் கோரலாம் என்பது 1871 ஆம் ஆண்டுமுதல் இந்நாட்டுச் சட்டம். யுத்தகாலத்தில் ஆயுதம் தாங்கியோரின் செயல்களினால் தம் காணிக்கு வர இயலாது போனவர்கள் இதனால் நட்டமடையலாகாதென்று, 2016 இல் பாராளுமன்றம் ஒரு விசேட சட்டம் இயற்றிற்று. 1983 மே முதலாந் திகதி தொடக்கம் 2009 மே 18 வரையுள்ள காலம் அத்தகையோருக்கு எதிராகக் கணக்கிடப்படமாட்டாது. இதைவிட முக்கியமான ஒரு விஷயம் உண்டு. பிரசித்த நொத்தாரிசின் முன் எழுதிய குத்தகை உறுதியோடு ஒருவன் குடியிருந்தால், அவன் உடையவனின் அனுமதியோடு இருப்பவன். அவ்விருப்பிலிருந்து ஆட்சியுரித்து எளிதிற் பிறப்பதில்லை. எழுத்தில்லாமல், வாய்ச்சொல்லில், சொந்தக்காரன்தானே என்று விட்ட வீடுகளிலேதான் வழக்குகள் அதிகம் முளைக்கின்றன. ஆகவே அச்சத்துக்கு மருந்து பூட்டன்று, எழுத்து. யாழ்ப்பாணத்தவருக்கு உறுதி எழுதுவதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1707 இல் ஒல்லாந்தர் எங்கள் தேசவழமையைத் தொகுப்பித்தபோது, காணியும் சீதனமும் முதுசமும் பற்றியே அதிற் பெரும்பகுதி நிறைந்தது.

சட்டம் என்னை எப்படிப் பார்க்கிறதென்பதும் சுவையானது. 2014 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரசையாகிவிட்டவன் இந்நாட்டிற் காணி வாங்குதல் கூடாது; இரட்டைப் பிரசாவுரிமை பெற்றவனுக்குத் தடையில்லை. நான் அதைப் பெறவில்லை. ஆயினும் முதுசமாக வருவதைப் பெற்றுக்கொள்ள எனக்குத் தடையில்லை. பிறந்து வளர்ந்த ஒழுங்கையிலே ஒரு முழ நிலம் விலைக்கு வாங்க இயலாதவன், அதே ஒழுங்கையில் நான்கு பரப்பு வளவுக்குப் பங்காளி. இந்த நிலையிலுள்ள ஒருவன், தான் வாழவும் மாட்டேன், பிறர் வாழவும் விடேன் என்று சங்கிலி மாட்டுவதை நியாயமென்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இனி, முதலாவது விடை: நினைவு. நினைவை வீட்டிற் பூட்டி வைக்கலாம் என்றெண்ணுபவர்கள் பூட்டிய வீட்டை ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும். நாங்கள் திறந்தோம். தென்மூலையில் ஓடு சரிந்து மழை இறங்கிய இடத்திற் கறையான் கூரைமரத்தைத் தின்றிருந்தது. அப்பாவின் புத்தக அலுமாரியில் இருந்தவை புத்தகங்கள் என்று ஊகித்தே அறியவேண்டியிருந்தது. பாவிக்காத கிணற்றிற் பாசியும் தவளையும். பின்வளவிற் கிடந்த சிரட்டைகளிலும் உடைந்த பானைகளிலும் நீர் தேங்கி, நுளம்புக்குஞ்சுகள் நெளிந்தன. 2023 ஆம் ஆண்டின் இறுதியிலும் 2024 இன் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்தில் டெங்குக் காய்ச்சல் கடுமையாகப் பரவியது ஊரறிந்த செய்தி. பக்கத்து வளவுப் பெரியம்மாவின் பேர்த்தியும் அக்காலத்திற் பதினொரு நாள் ஆஸ்பத்திரியிற் கிடந்தாளாம். எங்கள் வளவு நுளம்புதான் என்று அவர் சொல்லவில்லை. அவர் சொல்லக்கூடியவர் அல்லர்.

இவ்விடத்தில் எனக்கு நூல்நிலையத்தின் நினைவு வருகிறது. க. மு. செல்லப்பாவின் முயற்சியால் 1933 இல் விதையூன்றப்பெற்று வளர்ந்த யாழ்ப்பாணப் பொதுநூல்நிலையம், 1981 மே 31 ஆந் திகதி நள்ளிரவில் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. நான் புறப்பட்டபோது அதன் கரிந்த சுவர்களைக் கண்டுவிட்டே புறப்பட்டேன். எரிந்த கட்டடத்தை அப்படியே நினைவுச் சின்னமாக நிறுத்தவேண்டும் என்ற கட்சி ஒன்று இருந்தது. மீளக் கட்டவேண்டும் என்ற கட்சியும் இருந்தது. கரிச்சுவரைக் காத்தல்வேண்டும் என்றோரின் வாதம் அற்பமான வாதமன்று. வெள்ளை பூசிவிட்டால் குற்றம் மறைந்துவிடும் என்ற அவர்களுடைய அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆயினும் கட்டடம் எழுந்தது. இன்றைக்கு அங்கே போனேன். வாயிற் சரஸ்வதி சிலையின் முன் எங்கள் கூட்டத்தார் படம் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்; பலர் அதற்குமேல் உள்ளே போவதில்லை. உள்ளேயோ பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் வாசிப்பு மேசைகளை நிறைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு 1981 தெரியாதென்று யாரும் அஞ்சவேண்டியதில்லை. ஒரு பிள்ளையைக் கேட்டேன், திகதியோடு சொன்னாள். சொல்லிவிட்டு மீண்டும் தன் இரசாயனவியற் புத்தகத்துக்குத் திரும்பினாள். அந்நூல்நிலையத்தின் எரிப்பைப் பற்றிப் பெரிதும் பேசப்படும் கவிதையாகிய 'புத்தரின் படுகொலை'யை எழுதியவர், கிழக்கிலே கல்முனையிற் பிறந்த எம். ஏ. நுஃமான் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்வது பொருத்தம். ஒரு நகரத்துக்கு உரியவர் யார் என்பதைப் பிறப்புப் பதிவுப் புத்தகம் மட்டும் தீர்ப்பதில்லை.

'அங்கே இருக்கும் இளைஞரே ஓடிப்போகிறார்கள், யாருக்காக வீட்டைத் திறப்பது' என்று என் நண்பர் ஒருவர் இலண்டனிலிருந்து கேட்டார். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சியின்போது அவ்வோர் ஆண்டில் மட்டும் 300,000 இற்கு மேற்பட்டோர் தொழில் தேடி இத்தீவைவிட்டுப் புறப்பட்டார்கள் என்பது மெய். வடக்கிலிருந்து போனவர்களும் அதிலுண்டு. அவர்களைத் தடுத்து நிறுத்த எனக்கு வாயில்லை, நானே போனவன். ஆனால் போவதற்கு ஆயிரம் காரணம் இருக்கும் ஊரில், இருப்பதற்கு ஒரு காரணத்தையேனும் கூட்டுவது எங்களால் இயலக்கூடியது. தாங்கத்தக்க வாடகையில் ஒரு வீடு அத்தகைய காரணம். புதுக் கோபுரத்துக்கு அனுப்பும் பணத்தை அது வேண்டாது; ஒரு திறப்பை மட்டும் வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு உரித்தாளர் நால்வர். தமக்கையார் சிட்னியில், தம்பி ரொறன்ரோவில், தங்கையும் நானும் இலண்டனில். விற்பதானாலும் தேசவழமைப்படி பங்காளிகளுக்கு முதலில் அறிவித்தல் வேண்டும். விற்க ஒருவருக்கும் மனமில்லை. வன்னியிலிருந்து மாற்றலாகி நகரத்துப் பாடசாலை ஒன்றுக்கு வந்திருக்கும் ஆசிரியர் ஒருவர், மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் ஓர் அரை வீட்டில் இருப்பதாகப் பெரியம்மா சொன்னார். ஐந்தாண்டுக் குத்தகை, வாடகையின் முதல் இரண்டாண்டுப் பணம் கூரையும் கிணறும் திருத்துவதற்கு என்று ஒரு யோசனையை எழுதி மூவருக்கும் அனுப்பினேன். தம்பி அன்றிரவே சம்மதித்தான். தங்கை, அம்மாவின் பெட்டகத்தை மட்டும் பெரியம்மா வீட்டுக்கு மாற்றிவிடும்படி கேட்டாள். தமக்கையார் ஒன்பது நாள் விடை எழுதவில்லை. பிறகு தொலைபேசியிற் பேசினார். கல்யாணமாகி அந்த வீட்டிலே மூன்று ஆண்டு வாழ்ந்தவர் அவர். தலைப்பிள்ளை பிறந்ததும் அங்கேதான். முன்னறையில் வேற்று மனிதர் படுத்து எழும்புவதை நினைக்கத் தம்மால் இயலவில்லை என்றார். நான் வாதாடவில்லை. கூரைமரத்தின் படத்தை மட்டும் அனுப்பினேன். இரண்டு நாளின் பின், கோடிப்புறத்துக் கறுத்தக்கொழும்பான் மாமரத்தை வெட்டலாகாதென்று உறுதியிலே எழுதவேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

நொத்தாரிசு அந்நிபந்தனையை வாசித்துச் சிரித்தார்; எனினும் எழுதிக்கொண்டார். குத்தகை தை மாதம் முதலாந் திகதி தொடங்கும். கிணறு இறைத்துச் சேறு வாரியாயிற்று. ஓடு மாற்றுவதற்கு ஆட்கள் திங்கட்கிழமை வருகிறார்கள்.